ஒரே ராக் குழுவுக்கென்று வந்த ரிதம் கேம்களில், அதாவது பாட்டோடு சேர்ந்து வாசிக்கும் வீடியோ கேம்களில், எது சிறந்தது? அந்தக் குழுவின் ரசிகராக இல்லாதவர் விளையாடலாமா?

தாராளமாக விளையாடலாம். என்னைக் கேட்டால், ரசிகர் அல்லாதவருக்குத்தான் இதில் கிடைப்பது அதிகம். எந்த கேம் என்றால், 1960-களின் இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸுக்கென்று வந்த 'தி பீட்டில்ஸ்: ராக் பேண்ட்'. 2009 செப்டம்பர் 9 அன்று வெளியானது. இந்த வகையில் வந்த மற்றவற்றையும் விளையாடியிருக்கிறேன், அவற்றைப் பற்றியும் சொல்கிறேன். ஆனாலும் என் பதில் இதுதான்.

அந்த வருடம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. கீழ் அறையில் இருந்தவன் கன்சோல், பிளாஸ்டிக் கிட்டார், டிரம்ஸ், மைக் எல்லாம் வாங்கி ஹாலில் பரப்பி வைத்திருந்தான். பீட்டில்ஸ் என்றால் எனக்கு அப்போது காதில் விழுந்த நாலு பாட்டு, அவ்வளவுதான்.

இந்த கேம்களை விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் கிட்டாரின் கழுத்துப் பகுதி போல ஒரு பாதை ஓடும். அதில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து நிறத்தில் நோட்டுகள் வரும். அதே நிறப் பட்டனை அழுத்திக்கொண்டு, நோட்டு கோட்டைத் தொடும் நேரத்தில் ஸ்ட்ரம் பண்ண வேண்டும், அதாவது கம்பியை மீட்டுவது போல கிட்டாரில் உள்ள பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகச் செய்தால் பாட்டு பாட்டாக இருக்கும். தவறவிட்டால் உங்கள் கையில் இருக்கும் வாத்தியத்தின் சத்தம் மட்டும் நின்றுபோகும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்குக் கிட்டார் கொடுக்கவில்லை. புதிதாக வந்தவன் என்று பேஸ், அதாவது கனத்த அடிநாதம் தரும் கிட்டாரின் பகுதியை வாசிக்கச் சொன்னார்கள். பாட்டு 'சம்திங்'. குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய மெதுவான காதல் பாட்டு, சுலபமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பாதி பாட்டில் விரல் தடுமாறி நாலைந்து நோட்டு போயிற்று. ஹாரிசனின் குரல் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, ஆனால் பாட்டு வெறிச்சோடிவிட்டது, தூண் எடுத்த மண்டபம் மாதிரி. திரும்பப் பிடித்ததும் நிறைந்தது. குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி அந்தப் பாட்டில் பேஸுக்கென்று தனியாக இன்னொரு மெட்டே போட்டிருக்கிறார், குரல் நிற்கும் இடத்திலெல்லாம் அது நடக்கிறது. முன்பே ரேடியோவில் கேட்ட பாட்டுதான். ஆனால் பேஸ் என்று ஒன்று அதில் இருப்பது, அது இல்லாமல் போன அந்த இரண்டு நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம்தான் இதைச் செய்து முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு வாத்தியத்தை மட்டும் நிறுத்த வேண்டுமென்றால், அது தனி டிராக்கில், அதாவது தனி ஒலித் தடத்தில், இருக்க வேண்டும். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானது. அதுவும் இரண்டே டிராக்கில், வாத்தியங்கள் எல்லாம் ஒன்றில், குரல்கள் ஒன்றில். அன்று கடைசியாக எடுத்த பாட்டு 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', ஜலதோஷத்தோடு இருந்த குழுவின் ஜான் லெனன் தொண்டை கிழியப் பாடியது. அதிலிருந்து கிட்டாரை ஒரு பக்கம், டிரம்ஸை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும். கலந்துவிட்ட மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் திரும்பப் பிரிப்பது போலத்தான். குழுவின் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் இந்த கேமின் இசைப் பொறுப்பை ஏற்று, ஒலியைப் பகுத்துப் பிரிக்கும் மென்பொருள்களைக் கொண்டு செய்துகாட்டினார். டிஸ்க்கில் மொத்தம் 45 பாட்டு. ஹாரிசனின் மகன் தானி இந்தத் திட்டம் உருவாக முக்கியக் காரணம். உருவாக்கியது ஹார்மோனிக்ஸ், முதல் 'கிட்டார் ஹீரோ'வை 2005-ல் செய்த அதே அமெரிக்க நிறுவனம்.

டிரம்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரிங்கோ ஸ்டார் சுமாரான டிரம்மர் என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன், கோபம்தான் வருகிறது. அவர்களை 'டிக்கெட் டு ரைட்' பாட்டுக்கு டிரம்ஸில் உட்கார வைக்க வேண்டும். சாதாரணமாக அடித்துக்கொண்டு போகலாம் என்று கை போகும், ஆனால் அடி நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. அரை அடி தள்ளி, இடறி விழுவது போல வந்து, சரியாக நின்றுகொள்ளும். 'கம் டுகெதர்' தொடக்கமும் அப்படித்தான். அவர் இடது கைக்காரர், வலது கைக்காரர்களுக்கான அமைப்பில் வாசித்தவர். நமக்கு இயல்பாக வரும் திசையில் அவர் கை போகாது. மூன்று வாரம் தினமும் உட்கார்ந்த பிறகுதான் என் கை அதற்குப் பழகியது. ரிங்கோவின் தாளங்களைத் தனியாகப் பழக ஒரு பயிற்சிப் பகுதியே கேமில் இருக்கிறது.

இன்னொன்று குரல். மூன்று மைக் மாட்டி மூன்று பேர் சேர்ந்து பாடலாம், மூன்று குரலுக்கும் திரையில் தனித்தனிக் கோடு ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் அறைக்காரனின் அப்பா வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், கேம் என்றாலே வேண்டாம் என்பவர். நாங்கள் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாடத் திணறிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் ஒரே சுருதியில் போய் ஒட்டிக்கொள்கிறோம், நடுக்குரல் யாருக்கும் பிடிபடவில்லை. அவர் டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மைக்கைக் கூட வாங்காமல், சோஃபாவில் இருந்தபடியே அந்த நடுக்குரலை மெல்லப் பாடினார். திரையைப் பார்க்கவேயில்லை. வாலிப வயதில் நண்பர்களோடு பாடிப் பழகியதாம். அன்று சாயங்காலம் அவர் ஆறு மணி ரயிலை விட்டுவிட்டார்.

காட்சிகளிலும் நல்ல யோசனை இருக்கிறது. லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் தொடங்கி, 1965-ல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், டோக்கியோவின் புடோகான் என்று போகும். 1966 ஆகஸ்டோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார்கள். மேடையே இல்லாத அந்த வருடங்களை எப்படிக் காட்டுவது? அவர்கள் பாட்டுகளைப் பதிவு செய்த அபி ரோடு ஸ்டுடியோவில் நால்வரும் வாசிக்கத் தொடங்குவார்கள், அப்படியே சுவர் கரைந்து பாட்டுக்கேற்ற கனவுலகம் விரியும். கடைசியில் 1969 ஜனவரியில் லண்டன் மொட்டை மாடியில் வாசித்த அந்தக் குளிர்கால மதியம். பாட்டு தொடங்கும் முன் ஸ்டுடியோவில் அவர்கள் பேசிக்கொண்ட பேச்சுத் துணுக்குகளும் காதில் விழும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

சரி, மற்றவை. 2008-ல் வந்த 'கிட்டார் ஹீரோ: ஏரோஸ்மித்' தான் இந்த வகைக்குத் தொடக்கம். ஆனால் ஏரோஸ்மித்தைத் தொடுவதற்கு முன் வேறு குழுக்களின் பாட்டுகளை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'மெட்டாலிகா' (2009) விரல் பலம் உள்ளவர்களுக்கு. டிரம்ஸில் இரண்டாவது பெடல் வைத்து வாசிக்கும் அளவுக்கு வேகம், உழைப்புக்குப் பலன் தரும் கேம், பீட்டில்ஸுக்கு அடுத்து அதைத்தான் சொல்வேன். 'வான் ஹேலன்' கேமில் பழைய பாட்டுகளுக்குக்கூட அந்தக் காலத்தில் பேஸ் வாசித்த மைக்கேல் ஆண்டனி இல்லை, அவர் இடத்தில் எடி வான் ஹேலனின் மகன் நிற்பார். வரலாற்றை இப்படி மாற்றியது எனக்கு ஒப்பவில்லை. 'கிரீன் டே' (2010) குறை சொல்ல முடியாதது, ஆனால் அந்தப் பாட்டுகளில் பிரித்துப் பார்க்க அடுக்குகள் குறைவு.

வாங்குவதென்றால் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, நிண்டெண்டோவின் வீ ஆகிய மூன்று கன்சோலுக்கும் டிஸ்க் உண்டு, பழைய பொருள் விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். 'அபி ரோடு', 'ரப்பர் சோல்' போன்ற ஆல்பங்களின் மீதிப் பாட்டுகளைத் தனியாக விற்றார்கள், அந்த விற்பனை 2016-ல் நின்றுவிட்டது. கிட்டார் வாங்கும்போது அதோடு வரும் யு.எஸ்.பி. ரிசீவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பிளேஸ்டேஷன் கிட்டார் அது இல்லாமல் வேலை செய்யாது.

கையில் கிடைத்ததும் 'சம்திங்' பாட்டைப் போடுங்கள். பேஸ் பகுதியை எடுத்து, ஈஸி அளவில் வைத்து, நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாதியில் இரண்டு வரிக்கு வேண்டுமென்றே ஸ்ட்ரம் பண்ணாமல் கையை எடுத்துவிடுங்கள்.