பம்ப்பே பிரஷரைப் பிடித்தால்: கேள்வி பதில்

கேள்வி: நோயாளியின் ரத்த அழுத்தத்தை, அதாவது பிரஷரைப் பார்த்து, ரத்தக்குழாயில் மருந்து செலுத்தும் பம்ப் தானே மருந்தைக் கூட்டிக் குறைப்பது புது விஷயமா சார்?

பதில்: பழசுதான். 1970களிலேயே அமெரிக்காவில், பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில், இதய அறுவை முடிந்தவர்களுக்கு நைட்ரோபுருசைடு இப்படிப் போனது. அது ஏறிய பிரஷரை இறக்க. இன்று பெரும்பாலும் இறங்கியதை ஏற்றத்தான்: நாரட்ரினலின், ஃபினைலெஃப்ரின்.

கேள்வி: சிமுலேஷனில் பிஐடி (பிரஷர் இலக்கிலிருந்து விலகுவதைப் பார்த்து பம்ப் வேகத்தைத் திருத்தும் கன்ட்ரோலர்) சமர்த்தாக ஓடுகிறது. நிஜத்தில் பிரஷர் ஏன் ஊஞ்சலாடுகிறது?

பதில்: ட்யூனிங்கில் கை வைக்கும் முன் ட்யூபைப் பாருங்கள். மருந்தும் அதைத் தள்ளிச் செல்லும் கேரியர் சலைனும் கலக்கும் த்ரீ-வே என்ற குழாய் இணைப்பிலிருந்து ரத்தக்குழாய் வரை 1 மி.லி. கொள்ளளவு என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து மணிக்கு 12 மி.லி. ஓடினால், பம்ப் இப்போது செய்த மாற்றம் உள்ளே போக 5 நிமிடம். 60 மி.லி. ஓடினால் 1 நிமிடம். அந்த 5 நிமிடமும் கன்ட்ரோலர் ‘இன்னும் ஏறவில்லையே’ என்று கூட்டிக்கொண்டே போகும். அப்புறம் மொத்தமும் ஒன்றாக வந்து இறங்கும். கலக்கும் இடத்தை நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், இன்டெக்ரலுக்கு (விலகலைத் தொடர்ந்து கூட்டிச் சேர்க்கும் பகுதிக்கு) உச்சவரம்பு வையுங்கள். லூப் (அளந்து, திருத்தி, மறுபடி அளக்கும் இந்தச் சுற்று) ஓடும்போது கேரியர் வேகத்தைத் தொடவே கூடாது. கூட்டினால் ட்யூபில் நிற்கும் மருந்து போலஸாக, அதாவது ஒரே மொத்தமாகப் பாயும்.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே கெயின் (பிரஷர் விலகலுக்கு மருந்தை எவ்வளவு மாற்றுவது என்ற அளவு) போதுமா?

பதில்: போதாது. நைட்ரோபுருசைடுக்கான பழைய மாடலிலேயே மணிக்கு 1 மி.லி.க்கு ஒருவருக்குப் பிரஷர் 0.25 மி.மீ. இறங்கும், இன்னொருவருக்கு 9. மெதுவாக ஆரம்பித்து, வரும் பதிலைப் பார்த்துத் திருத்துங்கள்.

கேள்வி: ஆர்ட்டீரியல் லைனில் (பிரஷரை அளக்கத் தமனியில் போட்ட குழாயில்) ரத்தம் எடுக்கும்போது?

பதில்: டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை அளக்கும் உணரி) காற்றுக்குத் திறந்தால் 0 காட்டும், சலைனால் ஃப்ளஷ் செய்தால் பிரஷர் பேக்கின் 300 மி.மீ. பக்கம் ஓடும். 0வை நம்பினால் நாரட்ரினலின் உச்சத்துக்குப் போய்விடும். துடிப்பலை மறைந்தாலே பம்ப் கடைசி வேகத்தில் உறைந்து அலாரம் அடிக்க வேண்டும். நிறுத்தக் கூடாது, இரண்டு மூன்று நிமிடத்தில் பாதி மருந்து காலி.

கேள்வி: திரையில் சராசரி அழுத்தம் 65, ஆனால் சிறுநீர் குறைகிறது. லூப் தப்பா?

பதில்: சிறுநீர் குறையக் காரணம் பல. லூப் பக்கம் முதலில் கட்டிலைப் பாருங்கள். டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டில் இருக்க, கட்டிலை 10 செ.மீ. உயர்த்தினால் அளவு 7 மி.மீ. கூடித் தெரியும். கன்ட்ரோலர் மருந்தைக் குறைத்து 65க்கே கொண்டுவரும். உள்ளே இருப்பது 58. நடு அக்குள் கோடு, நான்காம் விலா இடைவெளி: டிரான்ஸ்டியூசரை அந்த மட்டத்தில் நோயாளியின் மேற்கையில் கட்டிவிடுங்கள்.