இருமலுக்குப் பொடி, ஏறியது பிரஷர்

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு போடுகிறார். பிரஷருக்கு நான்கு மாதமாக எனாலாப்ரில். இந்தப் பனிக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. அதற்குத் தினமும் இரண்டு வேளை அதிமதுரப் பொடி, சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி. 130/80 இருந்த பிரஷர் இப்போது 160/95. மூலிகையால் ஏறுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: ஏறும் அம்மா. அதிமதுரத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் அது வேண்டாம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 1991லேயே சொன்னது. ஒரு தேக்கரண்டிப் பொடியே அந்த அளவைத் தாண்டக்கூடும். பொட்டாசியம் குறைந்தால் இன்சுலின் சுரப்பும் மந்தமாகி, சர்க்கரையும் ஏறும்.

குன்னூரில் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, கொழுந்து பறிப்பவர். மூட்டையோடு மேடு ஏற முடியவில்லை, தொடை துவளுகிறது என்றார். "வேற மருந்து ஏதாவது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க" என்பார். நானும் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் முறை, பேசிக்கொண்டிருக்கும்போதே சுருக்குப்பையிலிருந்து அதிமதுரக் குச்சி ஒன்றை எடுத்து வாயில் அடக்கினார். ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தால் 2.8, மிகக் குறைவு! அவர் பொய் சொல்லவில்லை, அது அவருக்கு மருந்தே இல்லை. அன்றிலிருந்து "இருமலுக்கு வாயில என்ன போடுறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

இருமலைப் பனியின் தலையில் மட்டும் போடாதீர்கள். எனாலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். உங்கள் வீட்டில் மாத்திரை இருமலைக் கொடுத்து, இருமல் பொடியைக் கொண்டுவந்து, பொடி பிரஷரை ஏற்றியிருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டெல்மிசார்ட்டான் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனையும் வேண்டும். சர்க்கரை உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

சிறுகுறிஞ்சான் பிரஷரை ஏற்றாது. ஆனால் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். இந்தக் குளிரில் உடம்பு வியர்த்து, கை நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

இந்த வாரமே ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பாருங்கள். போகும்போது இரண்டு பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். பொடியை விட்டாலும் பிரஷர் இறங்கச் சில வாரம் ஆகும். அதற்குள் நெஞ்சு படபடத்தாலோ கால் துவண்டாலோ காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப் போங்கள்.