வர்க்கி இல்லாத நான்கு வாரங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. கோத்தகிரி அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். சாப்பிட்ட பின் உடம்பில் தடிப்பும் வயிற்றுப் பிடிப்பும் அடிக்கடி வந்ததால், பால், கோதுமை, முட்டை மூன்றையும் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கும்படி மருத்துவர் சொன்னார். இது மூன்றாவது வாரம். வயிறு சீராகிவிட்டது, ஆனால் சென்ற வாரம் இரண்டு நாள் மறுபடியும் தடித்தது. மாமியாரோ, "ஒரு வாய் டீ குடித்தால் என்ன ஆகிவிடும்?" என்கிறார். பேசாமல் இந்த மூன்றையும் வாழ்நாள் முழுவதும் விட்டுவிடலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: விட வேண்டாம். நீங்கள் இருப்பது சிகிச்சையில் அல்ல, சோதனையில். அதன் முதற்பாதி மட்டுமே முடியப்போகிறது. நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்கும் மறுபாதியில்தான் எந்த உணவு குற்றவாளி என்பது தெரியவரும். வயிறு அடங்கிய நிம்மதியில் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாததற்காக மூன்றையும் இழந்து, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்து மெலிகிறார்கள்.

சென்ற வாரத் தடிப்புக்கு வருவோம். மைதாவில் சுடும் உங்கள் ஊர் மொறுமொறு வர்க்கியையும் சப்பாத்தியையும் நிறுத்தியிருப்பீர்கள். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் சாம்பாரில் போடும் பெருங்காயத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அளவு சொற்பம்தான் என்றாலும், சோதனை நாட்களில் அதுவே கணக்கைக் குழப்பிவிடும். ஊட்டி சாக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் பால் பொடி இருக்கலாம். மாமியாரின் ஒரு வாய் டீயும் இதே கணக்கில்தான் சேரும். பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் என்று யாரேனும் சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். இரண்டின் புரதங்களும் பெரிதும் ஒத்தவை.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும், அது உங்கள் மலைக்கே உரியது. குளிர் பட்டாலே சிலருக்குத் தோல் தடிக்கும். பனி விழும் காலையில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் துலக்கிய கையில், அல்லது தலையில் துணி கட்டாமல் வெளியே போன நாளில் முகத்தில் தடிப்பு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே நாட்குறிப்பில் உணவோடு, அன்றைய குளிர், குளித்த நீர், விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள்.

வயிற்றுக்குக் குறை வைக்காதீர்கள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும், கேழ்வரகுக் களி, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று உங்கள் ஊர்ச் சந்தையே இந்த நான்கு வாரங்களைத் தாங்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதால் பால் இல்லாத குறையை ஓரளவு அது ஈடுகட்டும்.

நான்கு வாரம் முடிந்து, உடம்பு அமைதியாக இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒன்றைத் தொடங்குங்கள். கோதுமை என்றால், முதல் நாள் காலையில் கால் சப்பாத்தி, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. எதுவும் நேராவிட்டால் அதையும் நிறுத்திவைத்து, மூன்று நாள் விட்டு அடுத்ததற்குப் போகலாம். காலை என்று சொல்வதற்குக் காரணம், இரவில் மலைப்பாதையில் வண்டி கிடைப்பது அரிது. வீட்டில் ஒருவர் உடன் இருக்கட்டும். முன்பு எப்போதாவது உதடு, நாக்கு வீங்கியிருந்தாலோ மூச்சு முட்டியிருந்தாலோ இந்தப் பரிசோதனையை வீட்டில் செய்யவே கூடாது. மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.

மாமியாரிடம், "இன்னும் சில நாள்தான் அத்தை, பால் ஒத்துக்கொண்டால் நானே கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை அவர் அடுப்பில் உங்களுக்கு மட்டும் பால் சேர்க்காத கட்டன் சாயா தனியாகக் கொதிக்கட்டும்.