கோடு எங்க போட்டிருக்காங்கன்னு பாருங்க

(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: சார், பெரிய கம்பெனிங்க எல்லாம் வருஷா வருஷம் சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்னு 150, 200 பக்கத்துக்கு போடறாங்களே, இத்தனை டன் கார்பன் குறைச்சோம்னு தசம புள்ளி வரைக்கும் சொல்றாங்க. இதை யாராவது நெஜமாவே அளக்கறாங்களா, இல்ல குத்துமதிப்பா?

பதில்: முக்கால்வாசி பில்லுதாங்க. பெரிய அனல் மின் நிலையம் மாதிரி இடத்துல புகைபோக்கிலயே கருவி மாட்டி அளக்கறது உண்டு, மத்தபடி டீசல் பில், கரண்ட் பில், கேஸ் பில் இதையெல்லாம் கூட்டி ஒரு எண்ணால பெருக்கறதுதான் வேலை. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமாரா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் (லிட்டர் டீசலே ஒரு கிலோ இல்லையே, எப்படி 2.7 கிலோன்னு கேப்பீங்க, எரியும்போது காத்துல இருந்து ஆக்சிஜன் வந்து ஒட்டிக்குது, அந்த எடைதான்). அப்ப ஜெனரேட்டருக்கு வருஷத்துல 1 லட்சம் லிட்டர் ஊத்தினா 270 டன், அவ்ளோதான் கணக்கு. இதுல தப்பு பண்றது கஷ்டம், பில் கையில இருக்கு.

நிறைய பேர் கோட்டை விடறது ஏசி கேஸ்ல. அதை எரிக்கறதில்ல, ஆனா லீக் ஆகுது. ஆர்-134ஏன்னு ஒரு கேஸ், அது ஒரு கிலோ வெளிய போனா, பூமியை சூடாக்கற விஷயத்துல சுமாரா 1,300 கிலோ கார்பன் டை ஆக்சைடு போன மாதிரி. லீக்கை எப்படி அளப்பாங்கன்னா, ஏசி மெக்கானிக் வந்து எத்தனை கிலோ ரீஃபில் பண்ணாரோ அத்தனை கிலோ லீக் ஆயிருக்குன்னு அர்த்தம். அவர் அதை சர்வீஸ் நோட்டுல எழுத மறந்துட்டா ரிப்போர்ட்ல லீக்கே இல்ல. நான் முன்னாடி இந்த மாதிரி ரிப்போர்ட் தயார் பண்ற டீம்ல கொஞ்ச நாள் இருந்தேன், கம்பெனி பேரு வேணாம், ஒரு பிளான்ட்ல மட்டும் மூணு வருஷமா லீக் சைபர்னு வந்துட்டே இருந்துச்சு, என்னடா இவ்ளோ நல்ல பிளான்ட்டான்னு போய் பார்த்தா அங்க அப்படி ஒரு நோட்டே இல்ல.

கேள்வி: ஸ்கோப் 1, 2, 3ன்னு போடறாங்களே, தலையும் புரியல வாலும் புரியல.

பதில்: 2001ல ஜிஹெச்ஜி புரோட்டோகால்னு ஒரு கணக்கு முறை வந்துச்சு, உலக வள நிறுவனமும் ஒரு வணிக கூட்டமைப்பும் சேர்ந்து கொண்டு வந்தது, இன்னைக்கு கிட்டத்தட்ட எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்காங்க. உங்க கட்டுப்பாட்டுல இருக்கற பாய்லர், ஜெனரேட்டர், வண்டி எரிக்கறது ஸ்கோப் 1. நீங்க காசு குடுத்து வாங்கற கரண்டுக்காக வேற எங்கேயோ எரியறது ஸ்கோப் 2. மீதி எல்லாமே ஸ்கோப் 3, அதாவது சப்ளையர் எரிக்கறது, லாரிக்காரர் எரிக்கறது, ஊழியர் ஆஃபீஸ் வந்து போறது, உங்க பொருளை வாங்கினவர் அதை ஓட்டறது, கடைசியா தூக்கிப் போடறதுன்னு மொத்தம் 15 வகை.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒரு கார் கம்பெனியை எடுத்துக்கங்க, ஃபேக்டரில எரியறது கொஞ்சம்தான், வித்த கார் பத்து பதினஞ்சு வருஷம் ரோட்ல குடிக்கற பெட்ரோல்தான் மலை மாதிரி. எண்ணெய் கம்பெனிக்கும் அதே கதை. அதனால 'எங்க செயல்பாடுகள்ல உமிழ்வு பாதியா குறைஞ்சிடுச்சு'ன்னு அவங்க எழுதினா அது பொய் இல்ல, ஆனா அந்த 'எங்க செயல்பாடுகள்'ங்கற ரெண்டு வார்த்தைலதான் கோடு போட்டிருக்காங்க, மலை கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது.

இன்னொன்னு பாருங்க. சொந்தமா 100 லாரி வெச்சிருந்த கம்பெனி அத்தனையையும் வித்துட்டு அதே வேலையை கான்ட்ராக்டுக்கு விட்டுச்சுன்னு வைங்க. அதே ரோடு, அதே டீசல், டிரைவர் கூட அதே ஆளா இருக்கலாம். ஆனா ஸ்கோப் 1 சடார்னு விழுந்துடும், எல்லாம் ஸ்கோப் 3க்கு தாவிடும், அந்த கம்பெனி ஸ்கோப் 3 போடலன்னா காத்துலயே கரைஞ்சிடும். முறைப்படி இப்படி அமைப்பு மாறினா பழைய அடிப்படை வருஷ (குறைஞ்சுதா கூடுச்சான்னு ஒப்பிட வெச்சிருக்கற வருஷம்) கணக்கையும் திருத்தணும், ஒழுங்கா செய்யறவங்க செய்யறாங்க, அடிக்குறிப்புல இருக்கும், தேடிப் பாருங்க.

ஸ்கோப் 2லயும் ரெண்டு நம்பர் வரும், குழம்பாதீங்க. ஒன்னு அந்த ஊர் கிரிட்ல (பொது மின் கட்டமைப்புல) வர்ற கரண்டோட சராசரிப்படி, இன்னொன்னு நீங்க வாங்கின பசுமை மின்சார சான்றிதழை (சோலார், காத்தாலை கரண்டுக்கு குடுக்கற சீட்டு) கழிச்சு. 2015ல இருந்து ரெண்டையும் போடணும்னு வழிகாட்டு இருக்கு. விளம்பரத்துல வர்றது எதுன்னு நான் சொல்ல வேணாம்.

கேள்வி: இதையெல்லாம் போடணும்னு யார் சட்டம் போட்டது?

பதில்: ஆரம்பத்துல யாரும் போடல. 1989ல அலாஸ்கா பக்கம் எக்ஸான் வால்டஸ்னு ஒரு கப்பல் தரை தட்டி எண்ணெய் கொட்டுச்சு, அந்த கோவத்துல உருவான செரஸ்னு ஒரு அமைப்பு, அதுல இருந்து 1997ல ஜிஆர்ஐ, இந்த மாதிரி ரிப்போர்ட்ல என்னென்ன போடணும்னு சொல்ற அமைப்பு. அவங்க குடுத்த படிவம்தான் ரொம்ப காலமா உலகம் பூரா ஓடிட்டு இருக்கு. 2023 ஜூன்ல ஐஎஸ்எஸ்பின்னு இன்னொரு சர்வதேச தரநிலை வாரியம் வேற ரெண்டு தரநிலை குடுத்துச்சு. ஜிஆர்ஐயும் ஐஎஸ்எஸ்பியும் ஒன்னுதானேன்னு நினைக்காதீங்க, கேக்கற கேள்வியே வேற. ஜிஆர்ஐ கேக்கறது 'உன்னால உலகத்துக்கு என்ன ஆச்சு', ஐஎஸ்எஸ்பி கேக்கறது 'உலகத்துல நடக்கறதால உன் பணத்துக்கு என்ன ஆகும்'. ஐரோப்பிய யூனியன் ரெண்டையும் சேர்த்து சொல்லுன்னு சட்டமே போட்டுச்சு, அப்புறம் 2025ல கம்பெனிங்க புலம்பல் தாங்காம தளர்த்த ஆரம்பிச்சுட்டாங்க.

கேள்வி: ஆடிட் பண்ணியாச்சுன்னு கடைசில ஒரு லெட்டர் வெச்சிருக்காங்களே, அதை நம்பலாமா?

பதில்: லெட்டரை முழுசா படிச்சுட்டு நம்புங்க. அதுல பெரும்பாலும் 'வரையறுக்கப்பட்ட உறுதி'ன்னு இருக்கும், அப்படின்னா 'நாங்க பார்த்த அளவுல தப்பு எதுவும் கண்ணுல படல'ன்னு அர்த்தம், 'சரியா இருக்கு'ன்னு அர்த்தம் இல்ல. சில சமயம் 200 பக்கத்துல நாலு நம்பரை மட்டும்தான் பார்த்திருப்பாங்க, அதுவும் அந்த லெட்டர்லயே எழுதியிருக்கும், யாரும் படிக்கறதில்ல.

2013 ஏப்ரல் 24, வங்கதேசத்துல ராணா பிளாசா இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்க. அந்தக் கட்டடத்துல இருந்த சில கார்மென்ட் யூனிட்கள்ல அதுக்கு முன்னாடியே சோஷியல் ஆடிட் (தொழிலாளர்களை எப்படி நடத்தறாங்கன்னு பார்க்கற சோதனை) நடந்திருந்துச்சு. கட்டடம் தாங்குமான்னு பார்க்கறது அந்த ஆடிட்டோட வேலையா இல்ல, அவ்ளோதான். கோடு அதுக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு.

கேள்வி: இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) ரேட்டிங் நல்லா இருக்கற கம்பெனில முதலீடு பண்ணலாமா?

பதில்: பண்றது உங்க இஷ்டம், ஆனா எந்த ஏஜென்சி ரேட்டிங்னு கேளுங்க. ஆறு ஏஜென்சி மார்க்கை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒருத்தர் மார்க்குக்கும் இன்னொருத்தர் மார்க்குக்கும் ஒட்டுறவு சராசரியா 0.54தான் (1ன்னா முழுசா ஒத்துப்போகுதுன்னு அர்த்தம்), கடன் ரேட்டிங்ல இது 0.9க்கு மேல. 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனிக்கு, இந்த விஷயத்துல நல்ல கம்பெனிகளைப் பட்டியல் போடற டௌ ஜோன்ஸ் சஸ்டெயினபிலிட்டி இண்டெக்ஸ்ல கார் பிரிவுக்கே முதலிடம், அதே மாசம் புகை சோதனையை ஏமாத்தற சாஃப்ட்வேர் சமாச்சாரம் வெடிச்சுது, அடுத்த மாசம் லிஸ்ட்ல இருந்தே தூக்கிட்டாங்க.

கேள்வி: அண்ணே, நான் ஒரு ஃபேக்டரில சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. ரிப்போர்ட்டுக்கு பாதுகாப்பு டேட்டா சேக்கற வேலை என் தலைல. காய விகிதம் (இத்தனை மணி நேர வேலைக்கு இத்தனை பேருக்கு அடிபட்டுச்சுங்கற கணக்கு) எப்பவும் ரொம்ப கம்மியா வருது, நம்பவே முடியல. என்ன பார்க்கணும்?

பதில்: தம்பி, உங்க மூக்கு சரியாத்தான் வேலை செய்யுது. முதல்ல வகுக்கற எண்ணைப் பாருங்க. 2,000 பேர் வருஷத்துக்கு ஆளுக்கு 2,000 மணி நேரம், மொத்தம் 40 லட்சம் மணி நேரம், 4 பேருக்கு அடிபட்டு லீவ் எடுத்தாங்கன்னா 10 லட்சம் மணி நேரத்துக்கு 1. அமெரிக்க முறைல 2 லட்சம் மணி நேரத்துக்குத்தான் கணக்கு போடுவாங்க, அப்ப அதே நாலு பேருக்கு 0.2. அடுத்த கம்பெனியோட ஒப்பிடும்போது இதைப் பார்க்காம ஏமாந்தவங்க ஏராளம்.

அடுத்தது, 'வேலை இழப்பு காயம்'னா அடுத்த ஷிப்டுக்கு வர முடியாத காயம்னு வரையறை. அதனால என்ன பண்ணுவாங்க, கைல கட்டு போட்டவரை வண்டி அனுப்பி கூட்டிட்டு வந்து ஏதாவது ஒரு மேஜைல உக்கார வெச்சிடுவாங்க, லேசான வேலை குடுத்தோம்னு சொல்லி. ஆள் வந்துட்டாரு, காயம் எண்ணிக்கைல வராது. முதலுதவி அறைல ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், அதையும் உங்க எக்ஸெல்லையும் பக்கத்துல வெச்சு தேதி தேதியா பாருங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் கான்ட்ராக்ட் ஆளுங்க. கூரை மேல ஏர்றது, டேங்க் உள்ள இறங்கறது, வெல்டிங், இதெல்லாம் பெரும்பாலும் அவங்கதான், ஆனா உங்க படிவத்துல 'ஊழியர்கள்'னு மட்டும் இருக்கும். ஜிஆர்ஐல பாதுகாப்புக்கான 403ஆம் தரநிலை, உங்க கட்டுப்பாட்டுல வேலை செய்யற வெளி ஆளுங்களையும் தனியா காட்டச் சொல்லுது, அதை மேனேஜர்கிட்ட காட்டிக் கேளுங்க. அவங்க மணி நேரக் கணக்கு எங்ககிட்ட இல்லன்னு ஹெச்ஆர் சொல்லுவாங்க. கேட் செக்யூரிட்டிகிட்ட போங்க, உள்ள வந்த நேரம் வெளிய போன நேரம் எல்லாம் அவர் நோட்டுல இருக்கும்.