கேள்வி – பதில்: வேலூர் வெயிலில் கிளாத்தி மீன்

கே: எங்கள் வீடு மாடியில். மூன்றடி மீன்தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. கடல்நீர் கலந்து கிளாத்தி வகைக் கடல்மீனான க்ளவுன் ட்ரிக்கர் ஒன்றை விடலாமா?
– வாசகர், காட்பாடி

ப: வேண்டாம். 3×1½×1½ அடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் 190 லிட்டர்தான் பிடிக்கும். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாகக் கண்ணைப் பறிக்கும் க்ளவுன் ட்ரிக்கர், கடலில் 50 செ.மீ. வரை வளரும் இனம். வயது ஏற ஏற முரட்டுத்தனமும் ஏறும். கூட இருக்கும் மீன்களைக் கடித்துக் குதறிவிடும். மூன்றடித் தொட்டிக்கு ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ் போதும்.

கிளாத்திதான் வேண்டுமென்றால் 6×2×2 அடியில் தொடங்குங்கள். அதில் ஒரு ப்ளூ ஜா விடலாம், அல்லது ஒரு நைஜர். இவற்றில் ப்ளூ ஜாவே சாது. அந்தத் தொட்டியின் உப்புநீர் மட்டும் ஏறக்குறைய 700 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். மாடி தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்ட பிறகே தொட்டிக்கு ஆர்டர் கொடுங்கள்.

கே: போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. அதிலேயே கடல் உப்பைக் கலந்தால் என்ன?
– வாசகர், குடியாத்தம்

ப: போர் தண்ணீரில் இருப்பது கடலின் உப்பு விகிதம் அல்ல. நைட்ரேட்டும் உலோகங்களும் கூடவே வரலாம். குடிநீர் ஆர்.ஓ. மெஷினும் அப்படியே உதவாது. சுவைக்காக அது கொஞ்சம் டி.டி.எஸ்.ஸை (கரைந்த உப்புகளை) விட்டுவைக்கும். அதன் பின்னால் மிச்ச உப்பையும் உறிஞ்சும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயை மாட்டி, மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரை எடுங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் அக்வேரிய உப்பு போட்டு, பம்ப் வைத்து ஒருநாள் சுழலவிடுங்கள். உப்புச் செறிவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வர வேண்டும். சமையல் உப்பில் கால்சியமும் மக்னீசியமும் கடல்நீர் அளவுக்குக் கிடையாது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

தொட்டி தயாரானதும் மீனை விட்டுவிடாதீர்கள். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

கே: சித்திரை வெயிலில் தொட்டி நீர் 31 டிகிரி ஆகிறது. ஃபேன் போதுமா, நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கணுமா?
– வாசகர், சத்துவாச்சாரி

ப: நீரை 25–27 டிகிரியில் வைக்க வேண்டும். நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் மேற்பரப்பில் அடிக்கும் ஃபேன் இரண்டு, மூன்று டிகிரியைத் தாராளமாகக் குறைக்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. - டி.ஐ. நீரால்தான் ஈடுகட்ட வேண்டும். உப்புநீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் செறிவு ஏறிவிடும்.

அக்கினி நட்சத்திரத்தில் பெரிய கிளாத்திக்கு ஃபேன் போதாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, மீனுக்குத் தேவையோ அதிகம். சில்லரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது கக்கும் வெப்பத்தை அதுவே திரும்ப இழுக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் சில்லரை இழுக்காது. கீழ்த்தொட்டியான சம்ப்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப், நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் இரண்டையும் மட்டும் அதில் இணையுங்கள்.

கே: என் நைஜர் இரவில் பாறை இடுக்கில் படுத்துக்கிடக்கிறது, இழுத்தாலும் வரவில்லை. ஹீட்டர் ஒயரிலும் பல் பதிந்திருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், ஆற்காடு

ப: நோயில்லை, அது தூங்கும் முறையே அப்படித்தான். முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தியதும், பின்னால் உள்ள சின்ன முள் தாழ்ப்பாள் போல விழுந்து அதைப் பூட்டிவிடும். பெரிய முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாவது முள்ளை அழுத்தினால் உடனே மடங்கும். அதனால் இழுக்காதீர்கள், முள்ளோ தோலோ கிழியும். இடம் மாற்ற வலையும் கூடாது, முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு சேர்த்து அள்ளுங்கள்.

ஒயரைக் கடிப்பதற்குப் பற்களே காரணம். அவை வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்கக் கடினமான தீனி வேண்டும். ஓட்டோடு இறால், ஓடு திறந்த மட்டி, இடையிடையே கணவாய் கொடுங்கள். உறையவைத்துப் பிறகு பனி இளகவிட்டு, நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். ஹீட்டரை சம்ப்புக்கு மாற்றி, தொட்டிக்குள் ஓடும் ஒயர்களை பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். இதற்கும் முன்னால் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடுங்கள். உரிந்த ஒயர் உள்ள உப்புநீரில் கை வைப்பது உயிருக்கே ஆபத்து.