குதிச் சப்பாத்தும் வெறுங்காலும்

அன்புள்ள அண்ணா,

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரிய ஆம்பிளைகள் எல்லாம் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டார்கள் என்று போன கிழமை எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு வீட்டில் எல்லாரும் சிரித்தோம். எங்கள் வன்னியில் வெறுங்காலோடு காடு வெட்டி வயல் செய்தவர்களைப் பற்றி அல்லவா எழுத வேண்டும்?

வாசகர், முழங்காவில்

அன்புள்ள தம்பி,

சிரியுங்கள். ஆனால் அந்தக் குதி குதிரையில் இருந்து வந்தது. பாரசீக வீரர்கள் சேணத்தில் தொங்கும் கால்மிதியான அங்கவடியில் எழும்பி நின்று அம்பு விடும்போது கால் வழுக்காமல் பிடித்தது அதுதான். 1600 வாக்கில் ஐரோப்பியப் பிரபுக்களிடம் வந்தபோது குதிரை கழன்றுவிட்டது, குதி மட்டும் மிஞ்சியது. 1701இல் வரைந்த, பிரான்ஸ் அரசன் பதினான்காம் லூயியின் படத்தைப் பாருங்கள். வெள்ளைக் காலுறை, சிவப்புக் குதி, தொடை தெரிய ஒரு நிற்பு. சேற்றில் இறங்கத் தேவையில்லாத கால் அது. அன்றைக்கு ஆம்பிளைத்தனம் என்றால் அதுதான்.

லூயி ஆண்ட அதே காலத்தில் கண்டியில் இரண்டாம் இராசசிங்கன். அவனிடம் 19 வருடம் பிடிபட்டுக் கிடந்த ஆங்கிலேய மாலுமி ரொபேட் நொக்ஸ், சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கு மட்டுமே உரியவை என்று எழுதிவைத்தான். 1679இல் அருவியாற்றங்கரையோரம் காட்டுக்குள்ளால் மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊருக்குத் தப்பிவந்தவன். (சப்பாத்து என்ற சொல்லும் போர்த்துக்கேயன் விட்டுப்போனதுதான்.)

சரி, எங்கள் வெறுங்கால். என் அப்பாவிடம் கலியாணத்துக்கு வாங்கிய ஒரு சோடி சப்பாத்து இருந்தது. பேப்பரில் சுற்றி றங்குப்பெட்டிக்குள் கிடக்கும். அதைப் போட்டால் நடையே மாறிவிடும், கச்சேரி உத்தியோகத்தர் மாதிரி. மற்ற நாளெல்லாம் பாட்டாச் செருப்பு. அதையும் வரம்பில் கழற்றிவிட்டுத்தான் வயலுக்குள் இறங்குவார். இதைப் பெருமையாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. முள், பாம்பு, மாரியில் சேற்றுப்புண். அவருடைய குதிவெடிப்புக்குள் ஐந்து சதக் குத்தியைச் செருகலாம்.

எங்கள் ஊரில் மிதிவெடியில் காலை இழந்த ஒருவர், செயற்கைக் கால் தர வந்தவர்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "சப்பாத்துக்குள்ள வைக்கிற கால் வேண்டாம், வயலுக்கு இறங்கிற கால் தாங்கோ." இந்தியாவில் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலை 1968இல் செய்ததே அதற்காகத்தான். ரப்பர் பாதம், விரல்கூட உண்டு. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, குந்தி இருக்கலாம்.

இப்போதும் அவர் வரம்பில் இரண்டு செருப்பையும் கழற்றிவைத்துவிட்டுத்தான் இறங்குகிறார்.