எட்டாம் வகுப்பில் அணியில் இருந்தவள், ஒன்பதில் ஏன் இல்லை?

கேள்வி: என் மகள் டவுனில் ஒரு பெரிய பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளி. சென்ற ஆண்டு கபடி அணியில் குறுவட்டப் போட்டி வரை போய் வந்தாள். இந்த ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல் பயிற்சிக்குப் போயும், பன்னிரண்டு பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எடை போதாது என்று ஆசிரியை சொன்னாராம். வேண்டிய பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ராத்திரி சாப்பிடாமல் அழுகிறாள். பயிற்சி முடிந்து பஸ் பிடித்து ஊர் வந்து சேர ஏழரை மணி ஆகிறது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு, இத்தோடு போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக மைதானத்தில் நின்றவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், இந்த ஆண்டு மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவாக நடக்கின்றன. சென்ற ஆண்டு உங்கள் மகள் 14 வயதுப் பிரிவில் பெரியவள். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்கா. இந்த ஆண்டு 17 வயதுப் பிரிவுக்கு வந்துவிட்டாள். இங்கே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தோள் உரச வேண்டும். இருப்பதிலேயே சிறியவள் இவள்தான். ஆட்டம் குறைந்து போகவில்லை, எதிரே நிற்பவர்கள் வளர்ந்துவிட்டார்கள். என் அணிகளில் ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்பு நட்சத்திரங்கள் ஒன்பதில் வெளியே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு வீட்டார் நிறுத்திவிட்ட பிள்ளைகள் திரும்பி வரவில்லை. தாக்குப்பிடித்து வந்து போனவர்கள் பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ அணிக்குள் வந்தார்கள்.

வேண்டிய பிள்ளைகளை எடுக்கும் ஆசிரியர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகளுக்கு நடந்ததற்கு வயதுப் பிரிவே போதுமான காரணம். ஒருவர் சொன்ன பேச்சை வைத்து ஆசிரியையைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் மாலை நீங்களே மைதானத்துக்குப் போங்கள். "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் அவர் பட்டியலுக்கு நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார். "என் மகளை எந்த இடத்துக்குத் தயார் செய்கிறீர்கள், அதற்கு அவளிடம் என்ன குறைகிறது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசிரியை உங்கள் பிள்ளையை நான்கு நாள் உற்றுப் பார்த்தாக வேண்டும். இரண்டாயிரம் பேர் உள்ள பள்ளியில் அப்படி ஒரு பார்வை கிடைப்பதே பெரிது.

எடை குறைந்த பிள்ளைக்குக் கபடியில் இடம் இல்லை என்பது தவறு. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் நிற்கும்போது, பாடிப் போகிறவள் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, அந்த நொடியில் மற்றக் காலைத் தரையிலிருந்து தூக்கியிருந்தால் ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டியதில்லை. இதற்கு எடை எதற்கு? கால்தான் வேண்டும். பெண்கள் ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து மூன்று மீட்டரில் பாக் கோடு (பாடிப் போகிறவள் தாண்டித் திரும்ப வேண்டிய கோடு), அதிலிருந்து ஒரு மீட்டரில் போனஸ் கோடு. வீட்டு வாசலிலோ களத்திலோ கோலமாவால் இந்த மூன்று கோட்டையும் போட்டுவிடுங்கள். என்னிடம் படித்த ஒரு மெலிந்த பிள்ளை ராகி அடிக்கும் களத்தில் இப்படித்தான் பழகினாள். இடது காலை நீட்டுவாள், கட்டைவிரல் மாவைத் தாண்டி மண்ணில் பதியும், பின்னங்கால் சட்டென எழும்பும், உடம்பு அதற்குள் திரும்பியிருக்கும். மாவு கலைந்திருந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை என்று அவளே மறுபடி ஆரம்பிப்பாள். பதினொன்றாம் வகுப்பில் எங்கள் அணிக்கு அவள்தான் முதல் ஆளாகப் பாடிப் போனாள்.

வேறு விளையாட்டையும் முயலச் சொல்லுங்கள். நம் பக்கத்துச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் முதலில் ஆடியது வாலிபால். உயரம் தாண்டிப் பார் என்று திருப்பிவிட்டவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உங்கள் மகளுக்குக் கோ-கோவோ நீளம் தாண்டுதலோ பொருந்தலாம். கபடியில் பழகிய கால் எதற்கும் வீணாகாது.

பஸ் விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஐந்தரைக்கு மேல் நிறுத்திவைக்க வேண்டாம் என்று ஆசிரியையிடம் நேராகச் சொல்லுங்கள். எந்த நல்ல ஆசிரியையும் இதற்குக் கோபப்படமாட்டார். அதே தடத்தில் போகும் பிள்ளைகள் சேர்ந்து பஸ் ஏறட்டும். முடிந்தால் காலைப் பயிற்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். டீ மட்டும் குடித்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்த பிள்ளை இரண்டாவது சுற்றில் என் கைமேல் சாய்ந்திருக்கிறாள்; உதடு வெளுத்து, உள்ளங்கை சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து என் மேசையில் ஒரு டப்பா கடலை உருண்டை எப்போதும் இருக்கும். ஒரு சொம்பு ராகிக் கூழ், ஒரு கை வேர்க்கடலை, பள்ளிச் சத்துணவில் தரும் முட்டை – எடை போதவில்லை என்றாரே, அதற்கும் இதுவே வழி. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வீசிவிடாமல் விழுங்குகிறாளா என்று கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: பொதுத்தேர்வு மார்ச் மாதத்தை ஒட்டி வருகிறது. குறுவட்டமும் மாவட்டப் போட்டியும் பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் சொல்லலாம், ஆனால் அதைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். மாநில அளவைத் தாண்டியவர்களுக்கே அது கைக்கு வரும்.

இன்னொன்று, இது உங்கள் மகளுக்கு மட்டும் இல்லை. இரண்டாயிரம் பேரில் பன்னிரண்டு பேர் ஆடினால் மீதிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வாரத்துக்கு இரண்டு விளையாட்டு வேளை, அதையும் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்வது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து, வகுப்புகளுக்கு இடையே போட்டி நடத்துங்கள் என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் எட்டுப் பிரிவு இருந்தால் எட்டு அணி. தொண்ணூற்றாறு பிள்ளைகள் களத்தில் இறங்குவார்கள். செலவு சுண்ணாம்புத் தூள் மட்டும்தான்.

ஷூ இப்போது வாங்க வேண்டாம், மண் ஆடுகளத்தில் வெறுங்கால்தான். முழங்கால் உறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். களத்தில் இறங்கும் முன் நடுவர் அதைப் பார்ப்பார்.